எஞ்சிய சுவாசப்பைத் துண்டு
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பூண்டுலோயாவில் பிறந்தவர்களுக்கு இருமலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்குளிரில் கொழுந்து பறித்துவிட்டு, விறகுப் புகை நிறைந்த லயத்துக்குத் திரும்பிய தாய்மாரின் பிள்ளைகள் நாம். ஆகவே சுவாசப்பை பற்றியே பேச வந்தோம்.

2021 டிசம்பரில், ஒமிக்ரோன் பரவத் தொடங்கிய வேளையில், ஹொங்கொங் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. மைக்கேல் சான் தலைமையிலான அந்த ஆய்வுக்குழுவில் பேராசிரியர் மலிக் பீரிஸும் இருந்தார். கண்டியில் பிறந்து பேராதனையில் வைத்தியம் படித்தவர். 2003இல் சார்ஸ் வைரசைக் கண்டறிந்தோரில் ஒருவர். நமக்கு அடுத்த ஊர்க்காரர் என்று கொஞ்சம் பெருமைப்படலாம்.

அவர்கள் செய்தது இதுதான். சிகிச்சைக்காக வெட்டி அகற்றப்படும் சுவாசப்பைப் பகுதியில், பரிசோதனைக்கு எடுத்தது போக எஞ்சுவது வழக்கமாக அழிக்கப்படும். அதைப் பெற்று, சிறு துண்டுகளாக்கி, ஊட்டத் திரவத்தில் 37 பாகை செல்சியசில் வைத்தார்கள். தவறணையில் நட்ட தேயிலைக் கம்பு வேர்விட்டுச் செடியாகும்; இந்தத் துண்டு அப்படி இன்னொரு சுவாசப்பையாக வளராது. சில நாட்கள் உயிரோடிருக்கும், அவ்வளவே. ஆனாலும் அது மனித இழையம். குரங்கின் கலத்திலோ எலியிலோ காண முடியாததை அதில் காணலாம்.

24 மணித்தியாலத்தில், சுவாசக் கிளைக்குழாய் இழையத்தில் ஒமிக்ரோன் டெல்டாவைவிட ஏறத்தாழ 70 மடங்கு பெருகியிருந்தது. ஆழத்திலுள்ள சுவாசப்பை இழையத்திலோ, ஆரம்ப வைரசைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குறைவு. ஏன் இவ்வளவு வேகமாகத் தொற்றுகிறது என்பதற்கு ஒரு தடயம் கிடைத்தது. நோயின் கடுமையை வைரஸ் பெருகுவது மட்டும் தீர்மானிப்பதில்லை என்று சான் அப்போதே எச்சரித்தார். தட்டில் கிடக்கும் துண்டுக்கு இரத்த ஓட்டமில்லை, காய்ச்சலும் வராது.

எமக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இத்தகைய துண்டு ஆய்வுகூடத்துக்குப் போக நோயாளியின் சம்மதம் வேண்டும். வாசிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட படிவத்தில் நம் தாய்மார் கைநாட்டு வைத்ததை நாம் பார்த்திருக்கிறோம். அது சம்மதமாகாது. தாதியராகவும் வைத்தியர்களாகவும் எங்கெங்கோ பணிபுரியும் சகோதரிகளே, நோயாளி ஒப்பமிடுமுன் அந்தப் படிவத்தை அவர் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். "மாட்டேன்" என்று சொல்லவும் இடமுண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.