சம்பளமில்லா வேலைக்கு ஒரு விசா

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ரிட்டயர் ஆயாச்சு, வெளிநாட்டுல போயி கொஞ்ச நாள் சேவை செய்யலாம்னு இருக்கேன், எப்படிவே போறது?" என்று நம்மவர்கள் சிலர் கேட்டார்கள். அதனால் இதைச் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது மாஞ்சோலை எஸ்டேட் பிள்ளைகள் என்னிடம் படித்தார்கள். அந்தப் பழக்கத்தில், 2013-இல் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்க ஆளில்லை என்று கேள்விப்பட்டதும் நான் வருகிறேன் என்றேன். பிள்ளைகளுக்கு டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை.

நம்ம ஊர்க்காரனுக்குக் கொழும்பு அந்நியமா? வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதே தூத்துக்குடி - கொழும்பு பாதைக்குத்தான். என் தாத்தா கடை வேலைக்கு அந்த வழியாகத்தான் போனார். விசா என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. 1948-இல் இலங்கை குடிவரவுச் சட்டம் போட்டது. அதற்குப் பிறகு தாத்தாவும் காகிதம் தேடினார்.

அப்போது முப்பது நாள் சுற்றுலா அனுமதி இணையத்திலேயே கிடைத்தது. அதில் போய்ப் பாடம் எடுக்கக் கூடாது. அழைக்கும் அமைப்பு முன்கூட்டி எழுதி நுழைவு விசா வாங்க வேண்டும். இறங்கிய பிறகு அதை வதிவிட விசாவாக மாற்ற வேண்டும். அப்படியே செய்தோம். ஒரு அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) கேட்டார்கள்:

"சம்பளம் எவ்வளவு?"

"கிடையாது."

"அப்ப ஏன் வாறீங்க?"

படிவத்தில் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தேன். கட்டம் நிரப்பவில்லை என்று திருப்பி விட்டார்கள். சம்பளம் வாங்குகிறவனை எந்த அதிகாரியும் நம்புவார். வாங்காதவனைப் பார்த்தால்தான் சந்தேகம். அவர்களை மட்டும் சொல்ல முடியாது. நம் நாட்டிலும் சுற்றுலா விசாவில் வருகிறவர் சம்பளமில்லாத் தொண்டு ஒரு மாதம்தான் செய்யலாம். அதற்கு மேல் வேலை விசாதான் கேட்கிறார்கள். பிரிட்டனில் தொண்டு ஊழியருக்கென்றே பன்னிரண்டு மாதம் வரை தனி விசா உண்டு. அதுதான் சரி என்பது என் கட்சி.

பரீட்சை வரை கேட்டிருந்தோம். நவம்பர் பாதி வரைதான் போட்டுக் கொடுத்தார்கள். நீட்டிக்க எழுதினோம். ஐந்தாறு மணி நேர ரயிலில் மூன்று தடவை கொழும்புக்குப் போய் வந்தேன். கோப்பு நகரவில்லை. தலைமையாசிரியர் சொன்னார்: "இந்த மலைக்கு யார் வந்து பாக்கப் போறாங்க? பேசாம இருங்க சேர்." இருந்திருக்கலாம். பிடித்தால் எனக்கு அபராதம், வெளியேற்றம், அவ்வளவுதான். ஆனால் கையெழுத்துப் போட்டு என்னை அழைத்தவர் அவர். அவர் வேலைக்கும் பள்ளிக்கும் என்ன ஆகும்?

கிளம்புகிற அன்று கடைசி வரிசைப் பெண் ஒன்று எழுந்து, "சேர், வட்டத் தேற்றம் இன்னும் முடியலையே" என்றது. நின்றபடியே இரண்டு தேற்றம் நடத்தினேன். மிச்சத்தைப் பாளையங்கோட்டையிலிருந்து இரவு எட்டு மணிக்குத் தலைமையாசிரியரின் போனில் சொல்லித் தந்தேன். போனில் வட்டம் வரைவது சுலபமில்லை அண்ணாச்சி!

நீட்டிப்புக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்தது.

போக நினைப்பவர்கள் அழைக்கும் அமைப்பை ஆறு மாதம் முன்னதாகவே எழுதச் சொல்லுங்கள். தேதியைப் பரீட்சைக்குப் பிறகும் ஒரு மாதம் கூட்டிக் கேளுங்கள். சம்பளக் கட்டத்தில் பூஜ்யம் வேண்டாம், "ஊதியமில்லை" என்று எழுத்தால் எழுதுங்கள். என் விண்ணப்பத்தின் நகல் கொண்டு வந்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் வந்து பாருங்கள்.