துவரும் கஷாயமும்

(தசலட்சண விழாவில் ஆம்பூரில் நிகழ்த்திய உரை)



இவ்வூரை அடுத்த மலையம்பட்டு ஆர்மாமலைக் குகையில், 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்கள் சிதைந்த நிலையில் இன்றும் எஞ்சியுள்ளன. அத்தகைய மண்ணில் நின்று, இங்கு எவரும் அறிந்த ஆவாரையைக் கொண்டே ஒரு வினாவை எழுப்புகிறேன். ஒரு பொருளின் சாரம் என்பது யாது?

சித்த மருத்துவர் துவர்ப்பு என்பார். சுவையைக் கொண்டே மருந்தின் குணத்தை அறிவது அவர் மரபு. தோல் பதனிடுவோர் விடையும் துவர்ப்பே. வாட்டில் பட்டையும் குரோமிய உப்பும் வருமுன், ஆவாரம்பட்டையின் துவரே தோலின் இழைகளைப் பிணைத்து அழுகாமல் காத்தது. ஒரே துவர் ஓரிடத்தில் மருந்து. மற்றோரிடத்தில் உயிர் நீங்கிய தோலுக்குப் பதம்.

குணமும் பரியாயமும் உடையது திரவியம் என்கிறது தத்துவார்த்த சூத்திரத்தின் 5ஆம் அத்தியாயம். குணம் பொருளைவிட்டுத் தனியே நில்லாது. ஒரு குணமே முழுப்பொருளும் ஆகாது. என் உறவினர் ஒருவர், ஆவாரம்பூவின் சாரம் என விற்றதை நம்பிச் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்தினார். காற்புண் ஆறாமல் ஒரு விரலை இழந்தார். பூவின்மேல் குற்றமில்லை, ஒரு குணத்தை முழுமையெனக் கொண்ட ஏகாந்தப் பார்வையே குற்றம்.

துவருக்கு வடமொழிப் பெயர் கஷாயம். சினம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகிய நான்கையும் நம் ஆசிரியர்கள் அச்சொல்லாலேயே குறித்தனர். துவரேற்றிய துணியில் சாயம் பற்றுவதுபோல், கஷாயமுற்ற உயிரில் வினை பற்றும். ஆயினும் துவர் துணியின் இயல்பன்று. கஷாயம் உயிரின் இயல்பன்று. அறிவும் காட்சியுமே உயிரின் இயல்பு. அதனைப் புதிதாக வடித்தெடுக்க வேண்டுவதில்லை. ஏறிய துவரைக் கழுவுதலே வேண்டும். பத்து அறங்களுள் முதல் நான்கான பொறுமை, பணிவு, நேர்மை, தூய்மை ஆகியவை அந்நான்கிற்கும் முறையே மாற்று மருந்து.

விரலை இழந்த உறவினர், சாரம் விற்றவர்மேல் நெடுநாள் சினங்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு இவ்விழாவின் முதல்நாளில் அச்சினத்தை விட்டார். மாத்திரையை மட்டும் இன்றுவரை விடவில்லை. இரண்டும் நல்ல மருத்துவமே.

ஜெய் ஜினேந்திரா.