காலடித் திருத்தம்

1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் பி. டி. உஷா 55.42 விநாடியில் ஓடி நான்காவதாக வந்தார். வெண்கலம் வென்ற ருமேனிய வீராங்கனைக்கு ஆன நேரம் 55.41. நூறில் ஒரு பங்கு விநாடி! அத்துணைச் சிறு பொழுதை எங்கே தேடுவது? எம்.கே.பி. நகரில் நான் பயிற்றும் பிள்ளைகளின் காலடியில் தேடுகிறேன். அவர்களுக்கும் அது சிறு பொழுதன்று. இரயில்வேயில் விளையாட்டு வீரர்க்கென ஒதுக்கிய வேலை அதில் தொங்குகிறது.

எட்டி அடிவைத்தால் வேகம் கூடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். உசைன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை ஏறத்தாழ 41 காலடிகளில், 9.58 விநாடியில் கடந்ததைக் கண்டவர்கள் வேறெப்படி எண்ணுவார்கள்? ஆனால் அவர் உயரம் 195 செண்டிமீட்டர். நம் பையன் காலை முன்னே நீட்டிக் குதிகாலை ஊன்றினால், தரை அவனைப் பின்னுக்குத் தள்ளும்; தன் ஓட்டத்துக்குத் தானே முட்டுக்கட்டை போடுகிறான்.

"அடியைக் குறை" என்று கத்திப் பயனில்லை, ஓட்டமே முடங்கிப்போகும். கணுக்காலளவு கூட இல்லாத சிறு கட்டைகளை வரிசையாக வைத்துத் தாண்டி ஓடச்செய்கிறேன். முழங்கால் தானே உயர்கிறது. பாதம் உடலுக்கருகே இறங்குகிறது. மார்புக்குக் குறுக்கே வீசும் கையும் பிழைதான். அதை அன்று சொல்லமாட்டேன். ஒரே நாளில் இரண்டு பிழை சொன்னால் பிள்ளை ஓட்டத்தை மறந்து யோசனையில் இறங்கிவிடுவான். களைத்தபின் திருத்துவதும் வீண்.

பிறகு ஈரமண்ணில் ஓடவிட்டுத் தடத்தைப் பார்ப்பேன். குதிகால் குழி ஆழமாயிருந்தால், மறுநாளும் கட்டைகள்தாம்.