மலைமேல் ஒரு வாசல்

அயர்லாந்தின் ஸ்லைகோ பகுதியில், பிரிக்லீவ் மலைமேல், எகிப்தியப் பிரமிடுகளுக்கும் மூத்த ஈமக் கற்குவைகள் நிற்கின்றன; அவ்விடத்தின் பெயர் கேரோகீல். 1911-இல் அகழ்ந்தபோது, கல்லறைகளுக்குள் எரித்த எலும்பும் எரிக்காத எலும்பும் கிடைத்தன. இவை மூடிவிட்டு மறந்துபோன புதைகுழிகள் அல்ல. உயிரோடிருந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்துபோன இடங்கள். புதைப்பது மட்டுமே நோக்கமென்றால், உள்ளே நுழையக் கல்வழி எதற்கு? ஒரே சமயத்தில் பலர் இறந்திருக்கலாமே என்று கேட்கலாம். எலும்புகளின் காலக்கணிப்போ பல நூற்றாண்டுகளைக் காட்டுகிறது. ஒரு குவையில் வாசலுக்கு மேல் தனித் திறப்பு உண்டு. கோடையின் நீண்ட பகல் முடிகையில் அந்தி வெயில் அதன் வழியே உள்ளே விழுகிறது. தற்செயல் என்பீர்களானால், வாசல் இருக்கும்போது இன்னொரு திறப்பை யார் பாடுபட்டுக் கட்டுவார்கள்? இறந்தோரை இவ்வளவு அக்கறையோடு போற்றியவர்களை நாகரிகம் அறியாதவர்கள் என்பது பெருந்தவறு.