முகவரிப் பட்டையில் ஒரு குறுஞ்சொல்

தமிழ் விக்கிப்பீடியாவில் காவிரியைப் பற்றித் தேட வேண்டும் என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கூகுளுக்குப் போய் ‘காவிரி விக்கிப்பீடியா’ என்று தேடி, வரும் பட்டியலில் ஆங்கிலப் பக்கத்தைத் தள்ளிவிட்டுத் தமிழ்ப் பக்கத்தைக் கண்டுபிடித்து, அதைச் சொடுக்குவது. பிரவுசரின் முகவரிப் பட்டையில் ‘விகி காவிரி’ என்று அடித்து என்டரைத் தட்டினால், விக்கிப்பீடியாவின் சொந்தத் தேடலே நேராகத் திறக்கும்படி செய்துவிடலாம். இந்த ‘விகி’தான் குறுஞ்சொல், கீவேர்டு என்பார்கள். கூகுள் நடுவில் வராததால் விளம்பரங்களும் இல்லை.

தேடல் வசதி உள்ள பெரும்பாலான தளங்கள், தேடிய சொல்லைத் தங்கள் முகவரிக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அதே இடத்தில் சதவீதக் குறியையும் ஒட்டினாற்போல் ஆங்கிலச் சிறிய எஸ் எழுத்தையும் இட வேண்டும். குறுஞ்சொல்லுக்குப் பின் அடிக்கும் எதையும் பிரவுசர் அந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளும்.

முகவரியைப் பிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தமிழ்ச் சொல்லைத் தேடிவிட்டு முகவரியை நகலெடுத்து ஒட்டினால், அந்தச் சொல் சதவீதக் குறிகளும் எண்களுமாகச் சிதறிக் கிடக்கும். ‘தமிழ்’ என்ற ஒரே சொல் அங்கே 45 குறிகளாக நீளும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடவே நேரம் போய்விடும். அதனால் முதல் தேடலை ஆங்கில எழுத்தில், பொருளில்லாத ஒரு சொல்லாகச் செய்வது நல்லது. பொருளுள்ள சொல்லாக இருந்தால் விக்கிப்பீடியா போன்ற தளங்கள் அந்தத் தலைப்பிலுள்ள கட்டுரைக்கே தாவிவிடும், தேடல் முகவரி கைக்கு வராது.

குரோமில் செட்டிங்ஸுக்குள் ‘சர்ச் எஞ்சின்’ பகுதியில் ‘சைட் சர்ச்’ என்ற பட்டியல் இருக்கிறது. அதில் ‘ஆட்’ கொடுத்தால் பெயர், குறுஞ்சொல், முகவரி என்று மூன்று கட்டங்கள் வரும். பிறகு முகவரிப் பட்டையில் குறுஞ்சொல்லை அடித்து ஸ்பேஸ் அல்லது டேப் விசையைத் தட்ட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் இதே முகவரியைப் புக்மார்க்காகச் சேமித்து, அதைத் திருத்தும் பெட்டியில் உள்ள ‘கீவேர்டு’ கட்டத்தை நிரப்பினால் போதும். தேடல் இல்லாத சாதாரணப் புக்மார்க்குக்கும் அங்கே குறுஞ்சொல் வைக்கலாம். தினமும் திறக்கும் பக்கத்துக்கு இரண்டு எழுத்தே போதும்.

எந்தச் சொல்லை வைப்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். விசைப்பலகை தமிழில் இருக்கும்போது ஆங்கிலக் குறுஞ்சொல் அடிக்க, மொழியை மாற்றி மாற்றி அலைய வேண்டியிருக்கும். தமிழில் தேடும் தளத்துக்குத் தமிழிலேயே குறுஞ்சொல் வைப்பதுதான் வசதி. ஆனால் ஓரெழுத்தில் வைத்தால் வம்பு. பூ, தீ, கை என்று தமிழில் ஓரெழுத்தே முழுச்சொல்லாக நிற்கும். நன்னூல் அப்படி 42 சொற்களைக் கணக்குச் சொல்கிறது. குறிலாகப் பார்த்து வைத்துத் தப்பிக்கலாம் என்றால் தலைப்பெழுத்து குறுக்கே வரும். ‘தி’யைக் குறுஞ்சொல்லாக வைத்தவர் புள்ளியிடாமல் ‘தி ஜானகிராமன்’ என்று தேடினால், பிரவுசர் ‘ஜானகிராமன்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வேறெங்கோ ஓடிவிடும். வழக்கில் தனிச்சொல்லாக வராத இரண்டு மூன்று எழுத்துச் சேர்க்கையே பத்திரம்.

எல்லாத் தளத்திலும் இது செல்லாது. தேடிய பிறகும் முகவரி மாறாமல் அப்படியே நிற்கும் தளங்களிலும், படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் தளங்களிலும் முயல்வது வீண்.

இந்த அமைப்பு வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு டக்டக்கோ தேடுபொறி இருக்கிறது. சொல்லுக்கு முன்னால் ஆச்சரியக்குறியும் ஆங்கில டபிள்யூ எழுத்தும் இட்டால் விக்கிப்பீடியா. ஆச்சரியக்குறியோடு ஒய், டி எழுத்துகள் என்றால் யூடியூப். இப்படி 13,000-க்கும் மேற்பட்ட குறுக்குவழிகள் அங்கே தயாராக உள்ளன, கைப்பேசியிலும் வேலை செய்யும். ஆனால் தேடும் சொல் முதலில் டக்டக்கோவுக்குப் போய்த்தான் அங்கிருந்து திருப்பிவிடப்படும். பிரவுசரில் வைத்த குறுஞ்சொல்லில் அந்த இடைத்தரகர் கிடையாது.