கார் திரை சொல்வதும் மீட்டர் சொல்வதும்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

முதலில் ஒரு மன்னிப்பு. எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் கார் திரை காட்டும் யூனிட்டுக்குப் பணம் கட்டினால் போதும் என்று போன வருடம் யோசனை சொன்னவன் நான்தான். சுலபமாக இருக்கிறதே என்று நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள். அந்தக் கணக்கு தப்பு.

போன மாதம் என் பார்க்கிங் பாயின்ட்டுக்கு மீட்டர் ரூமில் ஒரு சப் மீட்டர் போட்டுப் பார்த்தேன். ராத்திரி பத்து மணிக்கு 15 ஆம்ப் பிளக்கில் மாட்டினேன், காலை ஆறரைக்குக் கழற்றினேன். பேட்டரி 20 சதவீதத்திலிருந்து 80 ஆகியிருந்தது. கார் 24 யூனிட் ஏறியது என்றது. மீட்டரில் 28.

நடுவில் 4 யூனிட் எங்கே போனது? யாரும் திருடவில்லை. வீட்டுக்கு வருவது ஏசி கரன்ட், பேட்டரிக்கு வேண்டியது டிசி. காருக்குள் இருக்கும் சார்ஜர் மாற்றித் தரும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடுகிறது. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்க காரின் கம்ப்யூட்டரும் பம்பும் விழித்திருக்கின்றன. மெதுவாக ஏற்றினால் சிக்கனம் என்று நாம் நினைப்பது இங்கேதான் பொய்க்கிறது. எட்டரை மணி நேரம் ஏற்றினால் எட்டரை மணி நேரமும் அவற்றுக்குத் தீனி போட வேண்டும்.

மீதி ஒயரில் போகிறது. மீட்டர் ரூமிலிருந்து என் பார்க்கிங் நாற்பது மீட்டர். எலெக்ட்ரீஷியன் இழுத்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். அதில் மட்டும் கிட்டத்தட்ட 120 வாட் சூடாக வீணாகிறது, ஒரு பழைய குண்டு பல்பு இரவெல்லாம் எரிவதுபோல. 6 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் அது பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். (எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுபவர்கள் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். அது கரன்ட் செலவு விஷயம் இல்லை, தீ விபத்து விஷயம்.)

பக்கத்து பிளாக் நண்பர் 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 7.2 கிலோவாட் சார்ஜர் வைத்திருக்கிறார். அதே கார், அதே 24 யூனிட், ஏறக்குறைய அதே தூரம். அவருடைய சப் மீட்டர் 26.8 காட்டியது, நாலு மணி நேரத்துக்குள் முடிந்தது. அதற்காக எல்லோரும் அதையே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒன்பது கார் ஒரே நேரத்தில் 7.2 இழுத்தால் 65 கிலோவாட். நம் கட்டடத்தின் லோடு தாங்காது, முறை வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். என்னைப்போல் மாதம் ஐந்து முறை ஏற்றினால் காருக்கு 20 யூனிட் கணக்கில் வராமல் போகிறது. ஒன்பது காருக்கு 180. அது விழுவது லிஃப்ட்டும் தண்ணீர் மோட்டாரும் ஓடும் பொது பில்லில். காரே இல்லாத வீடுகளும், பென்ஷனில் இருக்கும் பெரியவர்களும் நம் காருக்குப் பங்கு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் என் தீர்மானம் இது. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு சார்ஜிங் பாயின்ட்டுக்கும் மீட்டர் ரூமில் சப் மீட்டர், செலவு கார்க்காரருடையது. மீட்டர் காட்டுவதுதான் பில். புதிதாக லைன் இழுப்பவர்கள் 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. போன வருடத்துக்கு என் பங்கில் விட்டுப்போன 240 யூனிட்டுக்கு உண்டான பணத்தைப் பொருளாளரிடம் இன்று காலையே கொடுத்துவிட்டேன். மற்ற எட்டுப் பேரும் கை தூக்குவீர்கள் என்று நம்புகிறேன்.