பஸ்ஸில் ஊர் திரும்பிய பேராயர்

மதுரையில் ஃபிளெக்ஸ் பேனருக்குப் பஞ்சமே இல்லை. காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, ஆள் உயரத்தையும் தாண்டி ஒரு முகம் சிரித்துக்கொண்டு நிற்கும். நற்செய்திக் கூட்டப் போஸ்டர்களும் இதற்கு விலக்கில்லை. ஆண்டவர் பெயர் ஓர் ஓரத்தில் இருக்கும். பேச வரும் ஊழியக்காரரின் முகம் நடுவில் இருக்கும். ஊழியக்காரர் என்றால் வேலையாள் என்று பொருள். வேலையாள் எப்போது இவ்வளவு உயரமாக வளர்ந்தார் என்று யோசிக்கும்போது, நம் மதுரையில் இருந்த ஒரு பேராயரின் நினைவு வருகிறது. அவர் பெயர் லெஸ்லி நியூபிகின்.

கேம்பிரிட்ஜில் படித்த அந்த இளைஞரை 1936இல் ஸ்காட்லாந்து திருச்சபை தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. வந்து தமிழ் படிக்கத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே ஒரு பஸ் விபத்து. கால் முறிந்தது. அறுவைச் சிகிச்சை ஒன்றோடு முடியவில்லை. கடைசியில் அவரை ஊருக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. நாலு பேருக்கு உதவ வந்தவரை நாலு பேர் தூக்க வேண்டி வந்தது. 1939இல்தான் அவரால் திரும்பி வர முடிந்தது.

அடுத்து அவர் இருந்த ஊர் காஞ்சிபுரம். அங்கே இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் அமர்ந்து ஒரு வாரம் உபநிடதமும் மறு வாரம் யோவான் நற்செய்தியும் படித்தார். போதிக்க வந்த இடத்தில் மாணவராகவும் உட்கார அவருக்குக் கூச்சமில்லை.

1947 செப்டம்பர் 27. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபை ஐக்கியப் பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் இழுத்துத்தான் அந்த நாளை அடைந்தது. ஆங்கிலிக்கன் சபை ஒன்றை விட்டுக்கொடுத்தது. மெதடிஸ்டும் பிரஸ்பிட்டீரியனும் காங்கிரிகேஷனலும் வேறொன்றை விட்டுக்கொடுத்தார்கள். எங்கள் முறைதான் முறை என்று எல்லோரும் பிடிவாதமாக நின்றிருந்தால் அந்தச் சபை பிறந்தே இருக்காது.

அன்றைக்கு மதுரை, இராமநாதபுரம் பகுதிக்குப் பேராயரானபோது நியூபிகினுக்கு வயது 37. அவரை அனுப்பிய ஸ்காட்லாந்து திருச்சபையில் பேராயர் என்ற பதவியே கிடையாது. 1834 முதல் மதுரையில் பணி செய்த அமெரிக்க மிஷன் வளர்த்த சபைகளிலும் கிடையாது. பேராயருக்கும் அது புதுசு, சபைக்கும் புதுசு. இரண்டு பேரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

பிற்பாடு சென்னையிலும் பேராயராக இருந்து 1974இல் ஓய்வு பெற்றார். விமானத்தில் ஏறியிருந்தால் ஒரே நாளில் இங்கிலாந்து போயிருக்கலாம். அவரும் மனைவி ஹெலனும் இரண்டு பெட்டி, ஒரு முதுகுப் பையோடு தரைவழியாகக் கிளம்பினார்கள். எந்த பஸ் காலை முறித்ததோ அதே பஸ்தான் வாகனம். துருக்கியில் கப்பதோக்கியா என்றொரு இடம். ஒரு காலத்தில் கிறிஸ்தவம் செழித்த மண். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே தங்களோடு உட்கார்ந்து ஜெபிக்க ஒரு கிறிஸ்தவரும் கிடைக்கவில்லை. பேராயரும் மனைவியும் இரண்டே பேராக ஆராதித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆசி கூறிய கைகளுக்கு அன்று அவ்வளவுதான் சபை.

இங்கிலாந்து போய்ச் சேர்ந்த பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. பர்மிங்ஹாமில் சிறைச்சாலைக்கு எதிரே, மூடிவிடலாமா என்று பேசப்பட்டுக்கொண்டிருந்த ஒரு சின்னச் சபை. போக ஆளில்லை. எழுபது வயதில் அதற்கு ஆயராகப் போனார். கடைசிக் காலத்தில் பார்வை மங்கியது. புத்தகங்களை மற்றவர்கள் வாசித்துக் காட்ட, கேட்டுக்கொண்டார். 1998இல் காலமானார்.

பெரிய வியாழன் அன்று ஆலயங்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கிறது. கழுவுகிறவரின் தாழ்மையைத்தான் நாம் பார்க்கிறோம். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய அந்த இரவில் தயங்கியது பேதுரு என்பதை மறந்துவிடுகிறோம். குனிந்து கழுவ இயேசு தயங்கவில்லை. தன் அழுக்குக் காலை நீட்டத்தான் பேதுருவுக்கு மனம் வரவில்லை. கொடுக்கிற இடத்தில் இருக்கும்வரை நம் கை மேலேதான் இருக்கிறது. எனக்கும் வலிக்கிறது, என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போதுதான் அது கீழே இறங்குகிறது. கால் முறிந்த இளைஞராகவும் கண் மங்கிய முதியவராகவும் நியூபிகின் அந்த இடத்தில் இருந்திருக்கிறார்.

நம் ஊர் ஆயர்களுக்கு அந்த இடம் எளிதில் கிடைப்பதில்லை. மருத்துவமனைக்கும் துக்க வீட்டுக்கும் ஓடி ஓடி ஆறுதல் சொல்கிறவர், தன் வீட்டுக் கஷ்டத்தை வாய் திறந்து சொன்னால் விசுவாசம் குறைந்தவர் என்று பேர் வந்துவிடும். அவரைப் பேனர் உயரத்துக்கு ஏற்றியதில் நமக்கும் பங்கு உண்டு.

ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது, "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கய்யா" என்று கேட்பது நம் வழக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: "ஐயா, உங்களுக்காக நாங்கள் எதற்கு ஜெபிக்கட்டும்?" கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை நின்று காத்திருங்கள்.